பிரான்ஸுக்குப் பத்திரிகை

செண்பகத்துக்கு ஊர் சுற்றும் பழக்கம் கிடையாது. பொம்மனஹள்ளியில் ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கும் ஆலையில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, ஓய்வும் பெற்றவள். வேலை பார்த்த காலம் முழுக்க அவள் பார்த்ததெல்லாம் தையல்தான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் மட்டும் ஓயவில்லை. ஹெப்பகோடியில் அவள் தெருவில் யார் வீட்டுக் கோலம் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது, யார் வீட்டு மருமகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவள் பிரான்ஸ் தேசத்துக் கிராமங்கள் மேல் பைத்தியமாகப் போனதற்கு மகள் தீபிகாதான் காரணம். அப்பா மதியழகன் இறந்த பிறகு அம்மா மத்தியான வேளைகளில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று டிவியில் யூடியூபைப் போட்டுப் பழக்கிவிட்டுப் போனாள். சீரியல் பார்த்தால் செண்பகத்துக்குத் தலைவலி வரும். எதையெதையோ தேடிப் போனதில் ஒரு நடை வீடியோ மாட்டியது. யாரோ ஒரு மனிதர் காமிராவைப் பிடித்துக்கொண்டு எண்ணூறு வருஷத்துப் பழைய ஊர் ஒன்றுக்குள் நடந்துகொண்டே இருக்கிறார். பேச்சில்லை, பாட்டில்லை, காலடிச் சத்தம் மட்டும்.

தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய தெருக்கள். மாடி முன்னால் துருத்திக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாக மரச் சட்டங்கள் தெரிய, இதோ விழப் போகிறேன் என்று பயமுறுத்திக்கொண்டே நூற்றாண்டுக் கணக்காக விழாமல் நிற்கும் வீடுகள். அத்தனையும் கோணல். செக்கிங் மேஜைக்கு வந்திருந்தால் மொத்த ஊரையும் செண்பகம் ரிஜெக்ட் செய்திருப்பாள். ஆனால் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு லேசாயிற்று. நேராக இல்லாவிட்டாலும் நிற்க முடிகிறதே என்று தோன்றியது.

ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையாததால் அவளே பெயர் வைத்துக்கொண்டாள். பூனை தூங்குகிற ஊர், படிக்கட்டு ஊர், ஆற்றங்கரை ஊர். எல்லாவற்றிலும் உசத்தி, குன்றின் உச்சியில் இருக்கும் நீலக் கதவு ஊர். அங்கே ரொட்டிக் கடைக்குப் போக எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பது வரைக்கும் தெரிந்துபோயிற்று. ஒரு நாள் மகளிடம் போனில், "இன்னிக்கு நீலக் கதவு ஊர்ல நல்ல மழைடி" என்றாள். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய்த் தீபிகா அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றாள்.

சாமுவேல் கோலார் தங்கவயல்காரன். மதியழகனுடைய அப்பாவும் சாமுவேலுடைய தாத்தாவும் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள். இப்போது பொம்மனஹள்ளியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் டிராவல்ஸ் வைத்திருந்தான். வேளாங்கண்ணி, திருப்பதி, புத்தகயா என்று எல்லாச் சாமிகளையும் சமமாக நடத்துகிறவன், முதல் தடவையாக வெளிநாட்டுக்கு ஒரு குழுவைக் கூட்டிப் போக ஏற்பாடு செய்தான்.

"ஈஃபில் டவருக்கு எல்லாரும் கூட்டினு போறாங்கக்கா. நான் பழைய கிராமங்களுக்குக் கூட்டினு போறேன். ஒன்பது நாள், பன்னெண்டே பேர்" என்று சொல்லி அவன் காட்டிய படத்தில் நீலக் கதவு ஊர் இருந்தது. அதில் இரண்டு ராத்திரி தங்கலாம் என்றான். செண்பகம் அந்த நிமிஷமே பெயர் கொடுத்தாள். கொடுத்த கையோடு ஒரு கண்டிஷனும் போட்டாள்.

"விசா கைக்கு வர்ற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. கண்ணு பட்டா காரியம் கெட்டுடும்."

சாமுவேலுக்கு இது புதிதில்லை. பெயர் கொடுத்த பன்னிரண்டு பேரும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் ஜெர்கின் வாங்கி, சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் விசாவுக்கு விரல் ரேகை வைத்துவிட்டு வந்தார்கள். அவனும் வாக்குத் தவறாமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

விசா எல்லோருக்கும் வந்த பிறகு, ஒரு ஓட்டலின் மாடி ஹாலில் கூட்டம் போட்டான். உப்புமாவும் காபியும் உண்டு. செண்பகம் கொஞ்சம் தாமதமாகப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். சாமுவேல் திரையில் படம் காட்டி விளக்கிக்கொண்டிருந்தான். ஊருக்குள் பஸ் போகாது, அடிவாரத்திலேயே நின்றுவிடும். கல் பாவிய ஏற்றத்தில் பெட்டியை உருட்டினால் சக்கரம் கழன்றுவிடும், அதனால் முதுகுப் பை நல்லது. தங்கப் போவது பழைய கல் வீடு, லிஃப்ட் கிடையாது. கோதண்டராமன் என்று ஒரு ஓய்வு பெற்ற பேங்க்காரர் எழுந்து, தயிர் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றான். "புளிக்குமா?" என்றார். அவர் மனைவி வனஜா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இப்ப ரூம் சொல்றேன். ஒரு ரூமுக்கு ரெண்டு பேர். அஞ்சு ஜோடி இருக்கீங்க. மிச்சம் ரெண்டு லேடீஸ்" என்று சாமுவேல் முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தான். "ரெண்டு பேருக்கும் இது சர்ப்ரைஸ். செண்பகம் அக்காவும், அவங்க நாத்தனார் சங்கமித்ரா அக்காவும். சொந்தக்காரங்களே ஒரே ரூம்ல. எப்டி?"

முன்வரிசையில் ஒரு தலை மெதுவாகத் திரும்பியது. செண்பகம் நான்கு வருஷமாகப் பார்க்காத முகம். பார்க்க மாட்டேன் என்று சபதம் எடுத்த முகம்.

சங்கமித்ரா மதியழகனின் தங்கை. சந்தாபுராவில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவளுக்கு அண்ணன் வீடுதான் தாய்வீடு; அவள் மகன் ஹரிஷ்குமார் பாதி நாள் செண்பகத்தின் கையால் சாப்பிட்டு வளர்ந்தான். அண்ணன் இறந்த இரண்டாவது வருஷம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாத்தனார் தட்டோடு வந்து பத்திரிகை வைப்பாள் என்று செண்பகம் புதுப் பட்டுப்புடவைகூட எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பத்திரிகை வந்தது, வாட்ஸ்அப்பில். கீழே ஒரு வரி: அவசியம் வரவும். கூடவே ஒரு கைகூப்பும் பொம்மை.

அண்ணன் இருந்த வரைக்கும் அண்ணி, அண்ணன் போனதும் வாட்ஸ்அப்பா? செண்பகத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதோடு பேச்சும் நின்றது. நல்ல குடும்பங்களில் வழக்கம் போல இந்த விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. சாமுவேலுக்குச் சத்தியமாகத் தெரியாது.

"இவளோட ஒரே ரூமா?" செண்பகத்தின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "ஆள விடு சாமுவேல். நான் வரலப்பா."

உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். சங்கமித்ரா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

மறுநாள் காலையில் சாமுவேல் ஹெல்மெட்டும் கையுமாக ஹெப்பகோடி வீட்டுக்கு வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"சங்கமித்ரா அக்கா வரலயாம். முட்டி வலியாம். அண்ணி போயிட்டு வரட்டும்னு சொன்னாங்க."

செண்பகத்துக்கு மனசு குளிர்ந்தது. "பாத்தியா? ரோஷம் வந்திருக்கு. வரட்டும். நான் தனியா ஒரு ரூம்ல நிம்மதியா இருந்துக்குவேன்."

"அது இல்லக்கா. பன்னெண்டு பேருக்கு ஒருத்தர் கொறஞ்சாலும் அந்தப் பக்கத்து ஏஜென்ட் டூரையே கேன்சல் பண்ணிடுவான். அப்படித்தான் ஒப்பந்தம் போட்டிருக்கேன். புதுசா ஆள் சேக்கலாம்னா விசாவுக்கு டைம் இல்ல." அவன் ஹெல்மெட்டைக் கையில் உருட்டினான். "யாருமே போக முடியாதுக்கா."

யாருமே என்றால் தானும்தான் என்பது செண்பகத்துக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"சும்மா ஒரு போன் போட்டு, வா மித்ரான்னு சொல்லிடுங்கக்கா. போதும்."

"போனா?" செண்பகம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போன்லயா கூப்பிடச் சொல்ற?"

சாமுவேலுக்கு என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியவில்லை. போகும்போது வாசலில் நின்று, "நாளைக்குள்ள சொல்லுங்கக்கா" என்றான். முதல் வெளிநாட்டு டூரும் அதுவுமாக இப்படியா ஆக வேண்டும் என்று அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அன்று மத்தியானம் செண்பகம் டிவியைப் போட்டாள். நீலக் கதவு ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காமிரா மனிதர் வழக்கம் போல ரொட்டிக் கடையைத் தாண்டி ஏறினார். இத்தனை நாள் கூடவே நடந்தவளுக்கு இன்றைக்குக் கால் வரவில்லை. இனிமேல் இந்த ஊரை டிவியில் மட்டும்தான் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பில் அழுகையே வந்துவிட்டது. டிவியை அணைத்தாள்.

போக வேண்டும். அதற்கு அவள் வர வேண்டும். அதற்குக் கூப்பிட வேண்டும். போனில் கூப்பிட்டால் என்ன ஆகும்? பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பியவளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? நான்கு வருஷமாகத் தூக்கிப் பிடித்த கொடியைத் தானே இறக்கிப் போட்டது மாதிரி ஆகிவிடாதா? யோசித்து யோசித்து அவளுக்கு ஒரு வழி பிடிபட்டது. பிடிபட்டதும் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அது அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை.

'அழைக்கிறது எப்படின்னு அவளுக்குக் காட்டறேன்.'

எவர்சில்வர் தட்டைப் புளி போட்டுத் தேய்த்தாள். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு முழம் மல்லிகை எல்லாம் வைத்தாள். பத்திரிகைக்கு எங்கே போவது? சாமுவேல் கொடுத்த பயணத் திட்டம் இருந்தது. அதன் மேல் பக்கத்தில் நீலக் கதவு ஊரின் படம். மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் பதவிசாகத் தடவினாள். பீரோவில் பிரிக்காமலே கிடந்த அந்தப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தட்டை மடியில் வைத்து, ஆட்டோவில் ஏறினாள். ஓசூர் ரோட்டு நெரிசலில் வாழைப்பழம் கீழே விழாமல் சந்தாபுரா போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அபார்ட்மெண்ட் வாசலில் காவல்காரர், "யார் மனெ மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார். தட்டைப் பார்த்துவிட்டு அவரே, "மதுவெனா?" என்றார்.

கல்யாணமா என்று கேட்டதற்குச் செண்பகம், "அதைவிடப் பெருசு" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனாள்.

கதவைத் திறந்த சங்கமித்ரா மாவுக் கையோடு நின்றாள். பட்டுப்புடவையையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் சுவரில் புத்தர் படமும், அதற்குப் பக்கத்தில் மதியழகன் படமும் தெரிந்தன.

"அண்ணி! உள்ள வாங்க."

"வர்றேன். மொதல்ல கையக் கழுவிட்டு வந்து தட்ட வாங்கு."

சங்கமித்ரா சொன்னபடி கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். செண்பகம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஆட்டோவில் ஒத்திகை பார்த்ததுதான்.

"வர்ற செப்டம்பர் மாசம், பிரான்ஸ் தேசத்துல, நீலக் கதவு ஊர்ல, நாம பன்னெண்டு பேரும் போய்த் தங்கறதா பெரியவங்க முன்னால நிச்சயம் ஆகியிருக்கு. நீ அவசியம் வந்து, கூட இருந்து நடத்திக் குடுக்கணும்." மூச்சு வாங்கிக்கொண்டு, இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்கிற மாதிரி சேர்த்துச் சொன்னாள்: "பாத்துக்கோ மித்ரா. இப்படித்தான் அழைக்கிறது. போன்ல இல்ல."

நாத்தனார் முகம் சுருங்கும், தலை குனியும் என்று எதிர்பார்த்து வந்தவள் அவள். சங்கமித்ரா இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். மஞ்சள் தடவிய டூர் காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தட்டை மேஜையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செண்பகமும் எவ்வளவோ அடக்கிப் பார்த்துவிட்டு, முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்த சங்கமித்ரா எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை.

"நானும் தட்டோட வந்தேன் அண்ணி" என்றாள்.

"எங்க?"

"ஹெப்பகோடிக்கு. உங்க கேட் வரைக்கும். பழம், பூ, எல்லாம் வாங்கினு வந்தேன். கேட்ல அண்ணன் பேர் போட்ட போர்டு இருந்துச்சு. பெல் அடிச்சா அண்ணன் வந்து தெறக்காது இல்ல? அதுக்கு மேல கால் போகல. அதே ஆட்டோவுல திரும்பி வந்துட்டேன். வேற வழி தெரியாம போன்ல அனுப்பிட்டேன். நீங்க கல்யாணத்துக்கே வரல. எனக்கும் கோவம் வந்துடுச்சு."

"இத அப்பவே சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"எப்படிச் சொல்றது? உங்களுக்கு மட்டும் அண்ணன் இல்லாம போகல, எனக்கும்தான் இல்லாம போச்சுன்னு சண்டை போடச் சொல்றீங்களா?"

செண்பகம் தன் வீட்டில் ஒரு ஆள் குறைந்தது என்று மட்டும்தான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டிலும் அதே ஆள் குறைந்திருந்தார். அது தனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, நாத்தனாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். யாரும் யாரையும் அழாதே என்று சொல்லவில்லை.

பிறகு செண்பகம்தான் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சரி, நீ எப்படி இந்த டூருக்கு வந்து சேந்த? மைசூர் தாண்டுனாலே வாந்தி எடுப்பியே?"

"நான் புத்தகயாவுக்கு டிக்கெட் போடத்தான் சாமுவேல் ஆபீசுக்குப் போனேன். மேஜை மேல உங்க பாஸ்போர்ட் போட்டோ கெடந்துச்சு. சிரிக்காம, மொறச்சுக்கினு இருந்தீங்க. இந்தம்மா எங்க போறாங்கன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன், சத்தியம் பண்ணியிருக்கேன்னு ஒரே பிடிவாதம். பிரான்ஸ் நோட்டீஸ் பக்கத்துலயே இருந்துச்சு. எனக்கும் அதே டூர்ல பேர் போடுன்னுட்டேன்."

செண்பகம் அவளையே பார்த்தாள். "நான் வர்றேன்னு தெரிஞ்சுதான் பேர் குடுத்தியா?"

"ஆமா."

"எங்கூட ஒரே ரூம்னு?"

"வேற யாரு தனியா வரப் போறாங்க? ரெண்டு பேரத்தான் சேத்துப் போடுவான்னு தெரியும்." சங்கமித்ரா மல்லிகைச் சரத்தை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "உங்க வீட்டுக்கு வர எனக்குத் தைரியம் இல்ல. நீங்களும் வர மாட்டீங்க. ஒரே ரூம்ல ஒன்பது நாள் இருந்தா, கோவத்துலயாவது ஏதாவது பேசித்தானே ஆகணும்? லைட்ட அணைடின்னாவது சொல்லுவீங்க இல்ல, அதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு நெனச்சேன்."

இந்தப் பெண்ணைத்தான் ஊர் முன்னால் உட்கார வைத்து, இவளோடு வர மாட்டேன் என்று கத்தினோம் என்று நினைத்தபோது செண்பகத்துக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அதே சமயம் உள்ளுக்குள் ஏதோ இறுகிக் கிடந்தது அவிழ்ந்தது மாதிரியும் இருந்தது. போனை எடுத்துச் சாமுவேலைக் கூப்பிட்டாள். "ரெண்டு பேரும் வர்றோம். அதே ரூம்" என்றாள். மறுமுனையில் அவன் ஏசுவைக் கூப்பிட்ட சத்தம் சங்கமித்ராவுக்கே கேட்டது.

"சப்பாத்திக்கு மாவு பெசஞ்சு வெச்சிருக்கேன். சாப்ட்டுத்தான் போகணும்" என்று சங்கமித்ரா எழுந்தாள்.

செண்பகம் எழுந்திருக்கவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, மகளிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"மித்ரா, நான் லைட்ட அணைக்கச் சொல்ல மாட்டேன். ஒங்கண்ணன் போனதுலேர்ந்து எனக்கு லைட்டு எரிஞ்சாத்தான் தூக்கம் வருது."

சமையலறை வாசலில் நின்ற சங்கமித்ரா திரும்பினாள்.

"அப்ப எரியட்டும் அண்ணி" என்றாள். "வாங்க, வந்து சப்பாத்தி தேய்ச்சுக் குடுங்க."